அதிர்வேட்டுக்கு நடுங்கும் பிள்ளை

திருவிழாத் தேர்பவனியில் அதிர்வேட்டு முழங்கும்போது நம் பிள்ளைகள் கைகொட்டிக் குதிக்கின்றனர். அதே ஒலியைக் கேட்டு ஒரு பிள்ளை தாயின் சேலைக்குள் முகம் புதைத்தால், 'பயந்தாங்கொள்ளி' என நகைக்கிறோம். எதைக் கண்டு வந்த பிள்ளை அது என எண்ணிப் பார்ப்பதில்லை.

1983 ஜூலைக் கலவரத்திற்குப்பின் ஈழத் தமிழர் பல்லாயிரவர் கடல் கடந்து தமிழகம் வந்தனர். அவர்களுக்கான முகாம்கள் நம் கடலூர் மாவட்டத்திலும் உள்ளன. 2009-இல் போர் முடிந்தது, வருகை முடியவில்லை. பொருளாதார நெருக்கடியால் 2022 மார்ச் 22 அன்று 16 பேர் வந்தனர். அவர்களுள் சிலர் கைக்குழந்தையோடு தனுஷ்கோடியை அடுத்த மணல்திட்டில் தவித்தபின் மீட்கப்பட்டனர். 2021-இல் தமிழக அரசு இம்முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் சூட்டியது. அம்மறுவாழ்வு பிள்ளையின் உள்ளத்திலும் தொடங்க வேண்டுமன்றோ?

போரின் உளப்பாதிப்புகளை யாழ்ப்பாணத்தில் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். இத்தகைய காயத்தை ஈழத்தவர் 'மனவடு' என்பர். சிறு பிள்ளைக்கு அதனை எடுத்துரைக்கத் தெரியாது. படுக்கையில் சிறுநீர் கழித்தல், இரவில் அலறுதல், தாயை விட்டு அகலாமை, பேச்சு குன்றுதல், கண்ட கொடுமையையே திரும்பத் திரும்ப விளையாட்டாக நடித்தல் ஆகியன அதன் அடையாளங்கள். இவை அடம் அல்ல. அடித்துத் திருத்தக் கூடியவையும் அல்ல.

இப்பிள்ளைக்கு வேண்டுவது யாது? நேரத்திற்கு உணவு, நேரத்திற்கு உறக்கம், நாள்தோறும் பள்ளி, மாலையில் விளையாட்டு. இவ்வொழுங்கே 'இனி அஞ்சவேண்டாம்' என்பதை அதற்கு உணர்த்தும். நடந்ததைக் கூறும்படி வற்புறுத்தலாகாது. தானே கூறும்போது பொறுமையுடன் கேட்கவேண்டும். தாய்க்கும் துணை தேவை. அவள் முகத்தைப் பார்த்தே பிள்ளை அஞ்சுகிறது, தேறுகிறது. வாரக்கணக்கில் துன்பம் தணியாவிடில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். 14416 என்னும் தொலைபேசி எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

இவையனைத்தும் செய்தபின்னும், வகுப்பில் ஒருவன் 'அகதி' என்று அழைத்தால் அவ்வளவும் வீணாகும். முகாம்களில் இன்று வளரும் பிள்ளைகளுள் பலர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். பெயர் சொல்லி அழைக்கவும், பேச்சைப் பழித்துக் காட்டாதிருக்கவும், பந்தாட்டத்தில் சேர்த்துக்கொள்ளவும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பெற்றோராகிய நம் பொறுப்பு.

திட்டக்குடியில் வாழும் நாம் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளை நன்கறிவோம். ஈரம் காயுமுன் சூளையிலிட்டால் பொம்மை வெடித்துவிடும். ஆதலால் அதனை நிழலில் மெல்ல உலர்த்துவர். மனவடுப்பட்ட பிள்ளைக்கும் அத்தகைய நிழலும் அவகாசமும் வேண்டும்.

இரவோடிரவாக எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட குழந்தை இயேசுவுக்கும் யாரோ ஒரு வீட்டார் கதவு திறந்திருப்பர். அவர்கள் பெயர் நற்செய்தியில் இல்லை. அடுத்த தேர்பவனியில் நடுங்கும் பிள்ளையைக் கண்டால், நகையாமல் அருகில் சென்று கைப்பிடித்து நிற்போம்.