மரமேறுவோரின் கயிறு

அனுப்பர்பாளையத்தைச் சூழ்ந்த தோட்டங்களில் தென்னை உண்டு. ஏறுதற்கு ஆள் கிடைப்பதே அரிது. இக்குறை தீர்க்கவே தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ஆம் ஆண்டில் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்னும் ஆறு நாட் பயிற்சியைத் தொடங்கிற்று. கேரளத்துச் செம்பேரி ஜோசப் அமைத்த கருவியோ, மரத்தைப் பற்றிய எஃகு வடங்களின் துணையால் கால் மாற்றி ஏற உதவுகின்றது.

கருவி வந்ததும் கவலை தீர்ந்ததென்று அங்கத்தினர் சிலர் கருதுகின்றனர். நாம் உடன்படோம். கருவி ஏற்றிவிடும்; கால் பிசகினால் தாங்குவது இடுப்பிலும் தொடையிலும் பூட்டிய வாரும் தனிக் கயிறுமே. அக்கயிற்றை மட்டையிலோ குலையிலோ மாட்டலாகாது. தண்டைச் சுற்றியே கட்டல் வேண்டும். கட்டியபின் தரையினின்று ஒரு முழ உயரத்தில் முழு எடையையும் அதன்மேல் விட்டுப் பார்த்தே மேலேறல் வேண்டும். இற்ற இழையைத் தறியில் ஏற்றாத நெசவாளரும் தம் தோப்பில் கிணற்றடிப் பழங்கயிற்றை நம்பி ஓர் ஆளை மேலே அனுப்புவது விந்தையே!

கூலி உயர்ந்ததென்று முறையிடும் நாம், ஏறியவர் விழுந்தால் வைத்தியச் செலவு யாருடையது என்பதை இதுகாறும் பேசினோமில்லை. வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ காப்பீடு உண்டு. வாரும் கயிறும் சங்கத்தின் பொதுப் பொருளாக வாங்கப்படவேண்டும். காப்பீட்டுக் கட்டணத்தையும் சங்கமே செலுத்தவேண்டும். மரமேறுவோர் நம் அங்கத்தினர் அல்லர் என்பது மறுமொழியாகாது. அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகவே கொணர்வோம்.