‘தெரியலை’ன்னு சொன்னா வியாபாரம் படுத்துடுமா? ஏலக்காய் மலையில் ஓர் உருட்டின் விலை

போடிநாயக்கனூரில் ஒரு பூச்சிமருந்துக் கடை. மலையிலிருந்து இறங்கி வந்த விவசாயி ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “அண்ணே, ஏலச்செடி குருத்து இலையில வெளிர்பச்சையா கோடு கோடா விழுது. என்ன மருந்து அடிக்கலாம்?”

இதற்கு நேர்மையான பதில்கள் இரண்டுதான். ஒன்று, “பார்க்காம சொல்ல முடியாதுப்பா.” இன்னொன்று, “இது கட்டை நோயா இருந்தா மருந்தே கிடையாது, செடியைப் பிடுங்கி அழிச்சிடு.” இரண்டிலும் கடைக்கு ஒரு ரூபாய்கூட வராது. அதனால் மூன்றாவது பதில் வந்து விழுகிறது: “இதை லிட்டருக்கு ரெண்டு மில்லி கலந்து அடி, பத்து நாள்ல சரியாயிடும்.”

இந்த மூன்றாவது பதிலுக்கு நம் தலைமுறை வைத்திருக்கும் பெயர், உருட்டு. மீம்ஸில் பார்த்தால் சிரிப்பு வரும். ஏலக்காய் மலையில் அதற்கு விலை உண்டு. பெரும்பாலும் அதை உருட்டியவர் கொடுப்பதில்லை.

*கட்டை நோய்: மருந்து இல்லாத கேள்வி*

ஏலச்செடிக்கு வரும் நோய்களில் மிக மோசமானவற்றில் ஒன்று கட்டை. இது வைரஸ் நோய். அசுவினிப் பூச்சி மூலமாகவும், நோய் வந்த கிழங்கை நடுவதாலும் பரவும். வந்த செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆரோக்கியமான நாற்று நடுவது, நோய் கண்ட செடியை உடனே பிடுங்கி அழிப்பது, இவைதான் வழி. பிடுங்காமல் ‘மருந்து வேலை செய்யட்டும்’ என்று காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் பக்கத்துச் செடிக்கு ஆபத்து.

அதாவது, இங்கே தவறான பதில் வெறும் வீண் செலவு அல்ல. நோய் பரவுவதற்குக் கூடுதல் நேரம் கொடுக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஏலக்காய் காய்ப்பதற்குத் தேனீ வேண்டும். பூ பூத்திருக்கும் காலை நேரத்தில் தேவையில்லாத மருந்தை அடித்தால், மகரந்தச் சேர்க்கை செய்ய வரும் தேனீயும் சாகும். பூச்சியைக் கொல்வதாக நினைத்து சொந்த மகசூலையே குறைத்துக்கொள்வார் விவசாயி.

*ஏன் உருட்டுகிறார்கள்?*

‘பணத்தாசை’ என்று ஒரே வார்த்தையில் முடிக்க எனக்கு மனமில்லை. அதுவும் உண்டு, ஆனால் அது மட்டும் இல்லை.

முதல் காரணம், கௌரவம். கடைக்குள் நாலு பேர் நிற்கும்போது ‘எனக்குத் தெரியலை’ என்று சொன்னால், அடுத்த முறை அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். இரண்டாவது, கம்பெனி டார்கெட். மூன்றாவது, நாம்தான். பதில் கேட்டு வருபவருக்கு நிச்சயம் வேண்டும். தயங்கிப் பேசுபவரை ‘விஷயம் தெரியாதவர்’ என்றும், அடித்துப் பேசுபவரை ‘கில்லாடி’ என்றும் எடை போடுகிறோம்.

விலை ஏறும்போது இது இன்னும் மோசமாகும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு விளைச்சல் குறைந்து, 2019 ஆகஸ்ட்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. காய்க்கு அந்த விலை இருக்கும்போது, ‘எதுக்கும் ஒரு தடவை அடிச்சு வையுங்க’ என்ற பேச்சுக்கு யார் மறுப்பு சொல்வார்கள்? பயம் இருக்கிற இடத்தில் உறுதியான குரலுக்கு நல்ல மார்க்கெட்.

*பில் யாருக்குப் போகிறது?*

ஏலக்காயை ஒரே தடவையில் பறித்து முடிப்பதில்லை. சில வார இடைவெளியில் பல சுற்று பறிப்பார்கள். மருந்து அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்ற காத்திருப்புக் காலம் தவறினால், மருந்தின் எச்சம் காயிலேயே தங்கும். சுமார் 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் 1 கிலோ ஏலக்காய். காயில் இருக்கும் தண்ணீர் போய்விடும். எச்சம் அப்படியே போய்விடாது.

ஸ்பைசஸ் போர்டு போடியிலும் புத்தடியிலும் நடத்தும் மின்னணு ஏலத்தில் காயின் நிறத்தையும் பருமனையும் கண்ணால் பார்க்கலாம். எச்சத்தைப் பார்க்க முடியாது. அது தெரிய வருவது ஆய்வகத்தில்தான்.

2023 ஜனவரியில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? சபரிமலை அரவணைப் பாயசத்துக்கு வாங்கிய ஏலக்காயில் 14 வகைப் பூச்சிக்கொல்லிகள் வரம்புக்கு மேல் இருப்பதாக ஆய்வறிக்கை வந்தது. கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கிக் கிடந்தன. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்தது. சட்டப்படி அந்த வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் அந்த 14 மருந்துகளில் எது எந்தக் கடைக்காரர் சொல்லி அடிக்கப்பட்டது, எது விவசாயி தானாக அடித்தது என்று யாராலும் பின்னோக்கிப் போய்ச் சொல்ல முடியாது. பல தோட்டத்துக் காய் ஒன்றாகக் கலந்துவிடும். கடையில் வாயால் சொன்ன ஆலோசனைக்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. உருட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் எது?

கடைசி பில், மருந்து அடிக்கிறவருக்கு. போடியிலிருந்தும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் அதிகாலை ஜீப்பில் இடுக்கி தோட்டங்களுக்கு ஏறும் தொழிலாளர்களுக்கு, கடையில் நடந்த உரையாடல் தெரியாது. டிரம்மில் என்ன கலந்திருக்கிறது என்பதுகூடப் பல நேரம் தெரியாது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இஷ்டத்துக்கு மருந்துகளைக் கலந்து அடித்ததும் அப்போது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று.

*சட்டம் ஒன்றும் சொல்லவில்லையா?*

சொல்கிறது. பூச்சிக்கொல்லி விற்க 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2015இல் விதிகளைத் திருத்தி, விற்பவருக்கு விவசாயம், உயிரியல், வேதியியல் போன்ற பாடங்களில் பட்டம் வேண்டும் என்றார்கள். பட்டம் இல்லாத பழைய கடைக்காரர்களுக்கு அவகாசம் கொடுத்தார்கள். பிறகு 12 வாரப் படிப்பு போதும் என்று தளர்த்தினார்கள். ஹைதராபாத்தில் உள்ள ‘மேனேஜ்’ நிறுவனம் 2003 முதல் இடுபொருள் விற்பனையாளர்களுக்கென்றே ஒரு டிப்ளமோவும் நடத்துகிறது.

நல்ல விஷயம்தான். ஆனால் படிப்பு, தெரிந்ததைக் கூட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கத்தை அது தானாகக் கொண்டுவராது. பெரிய டிகிரி வாங்கியவர்கள் உருட்டுவதே இல்லையா என்ன?

*‘கடைக்காரரை மட்டும் குறை சொல்றது நியாயமா?’*

நியாயமான கேள்வி. 2012-13இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில், விவசாயக் குடும்பங்களில் 10க்கு கிட்டத்தட்ட 6 குடும்பங்கள் யாரிடமிருந்தும் தொழில்நுட்ப ஆலோசனை பெறவில்லை என்று தெரியவந்தது. மைலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு, கடனுக்கும் மருந்து கொடுத்து, பெயர் சொல்லி விசாரித்து, பதிலும் சொல்கிறவர் கடைக்காரர் மட்டும்தான். அனுபவத்தில் அவருக்குத் தெரிந்தது நிறைய. அந்த உண்மையான அறிவையும் சேர்த்துக் கெடுப்பதுதான் உருட்டு. பத்தில் எட்டு பதில் சரியாக இருந்து, மீதி இரண்டும் அதே குரலில் வந்தால், எந்த இரண்டு தப்பு என்று கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்?

*இது போடியோடு நிற்கிற கதை இல்லை*

மீட்டிங்கில் கிளையன்ட் கேட்டதும், சிஸ்டத்தில் அந்த வசதி இருக்கிறதா என்றே தெரியாமல் “கண்டிப்பா பண்ணிடலாம் சார்” என்று சொன்ன ஆளை உங்களுக்கும் தெரியும். பாலிசி விதியைப் படிக்காமலே “எல்லாம் கவர் ஆகும்” என்று கையெழுத்து வாங்கும் ஏஜென்டையும் தெரியும்.

டிஎன்பிஎஸ்சி எழுதியவர்கள் யோசித்துப் பாருங்கள். 2020 முதல் விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு கட்டம் இருக்கிறது: ‘விடை தெரியவில்லை’. முறைகேட்டைத் தடுக்கக் கொண்டுவந்த கட்டம் அது. ஆனால் தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. அப்புறம் யார் அந்தக் கட்டத்தை மனசார நிரப்புவார்கள்? ஒன்றைக் குத்துமதிப்பாக நிரப்பினால் நாலில் ஒரு வாய்ப்பு. நேர்மைக்குப் பூஜ்யம்.

ஏஐ சாட்பாட்களும் இதே பள்ளியில் படித்தவைதான். அவை ஏன் இல்லாததை இருப்பதாகச் சொல்கின்றன என்று ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் 2025 செப்டம்பரில் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான்: ‘தெரியாது’ என்பதற்கு மதிப்பெண் கொடுக்காமல், ஊகத்துக்குக் கொடுத்துப் பழக்கினால் இயந்திரமும் ஊகிக்கத்தான் செய்யும்.

ஆக, உருட்டு என்பது தனிமனிதக் குணம் மட்டுமல்ல. தப்பான பதிலுக்கு விலை இல்லாத இடத்தில், ‘தெரியலை’க்கு மட்டும் விலை இருந்தால், உருட்டுதான் விளையும்.

*அப்போ என்ன செய்யலாம்?*

என் கருத்து இது. ஆலோசனையை எழுத்தில் கொண்டுவர வேண்டும். மருந்துக் கடை பில்லிலேயே பயிர், பூச்சி அல்லது நோயின் பெயர், அளவு, பறிப்பதற்கு முன் காத்திருக்க வேண்டிய நாள் ஆகிய நான்கையும் எழுதுவதைக் கட்டாயமாக்கலாம். பேனா எடுத்தவுடன் வாய் தானாக அடங்கும். நோயின் பெயரை எழுத முடியாத கடைக்காரர், ‘இலையைக் கொண்டு போய் ஆராய்ச்சி நிலையத்துல காட்டுங்க’ என்று எழுதட்டும். அதுவும் பதில்தான்.

வாங்குகிறவர்களும் ஒன்று செய்யலாம். “இந்த மருந்து லேபிள்ல ஏலக்காய்னு போட்டிருக்கா?” என்று கேளுங்கள். பாட்டிலில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்புதான் அதிக நச்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பில் இல்லாமல் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

முக்கியமாக, “தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்” என்று ஒரு கடைக்காரரோ, டாக்டரோ, உங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையனோ சொன்னால், முகம் சுளிக்காதீர்கள். அடுத்த முறையும் அவரிடமே போங்கள். அவர் ‘தெரியும்’ என்று சொல்லும்போது நம்பலாம் என்பதற்கு உங்களிடம் இப்போது ஒரு காரணம் இருக்கிறது.