பென்சில் சார்

டிரைவ் இன் உட்லண்ட்ஸை மூடுகிறார்கள் என்று 2008இல் பேப்பரில் வந்த செய்தியை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த நேரம். தூசு படக் கூடாது, வெளியே போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ பென்சில் சார் எங்கே போவார்?" என்று கேட்டார்.

எங்கள் வீடு சென்னை கோபாலபுரத்தில். டிரைவ் இன் இருந்த கதீட்ரல் சாலைக்கு நடந்தால் பத்து நிமிடம். ஊருக்கெல்லாம் அது காரில் வந்து காரிலேயே உட்கார்ந்து சாப்பிடும் இடம். எங்களுக்கு நடந்து போகிற ஓட்டல். கார் வைத்திருந்தவர் திருச்சி மாமா ஒருவர்தான். அவருடைய ஃபியட்டில் போன அன்று, சர்வர் கண்ணாடியைப் பாதி இறக்கச் சொல்லி, அதன் விளிம்பில் தட்டை மாட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தட்டின் அடியில் ஒரு முட்டு, கதவோடு ஒட்டி நின்றது. கதவில் ஒரு சின்ன மேசை முளைத்த மாதிரி. சாம்பார் கிண்ணம் அசையவே இல்லை. நான் மட்டும் அசையப் பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வடையைப் பிட்டேன். "தைரியமா சாப்பிடு பாப்பா, விழாது" என்றார் சர்வர். எட்டு வயதில் எனக்குக் கிடைத்த பெரிய உத்தரவாதம் அது.

உடுப்பிப் பக்கத்திலிருந்து சிறு வயதில் பிழைப்புத் தேடி வந்து, சமையற்கட்டு வேலையில் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ் 1938இல் ராயப்பேட்டையில் ஒரு பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டல் வைத்தார். ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான அந்த பங்களாவின் பெயர்தான் உட்லண்ட்ஸ். டிரைவ் இன் 1962இல் வந்தது. தோட்டக்கலைச் சங்கத்தின் பொறுப்பில் இருந்த நிலம். பெரிய பெரிய மரங்கள். பக்கத்திலிருக்கும் ஜெமினி மேம்பாலம் வந்ததே அதற்குப் பிறகு, 1973இல். பாலத்தில் இரைச்சல் ஏற ஏற இந்த மரத்தடியின் அருமை கூடிக்கொண்டே போனது. மவுண்ட் ரோட்டு வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் உடம்பில் ஒரு குளிர்ச்சி தட்டும். அதற்கப்புறம்தான் காபி வாசனை வரும்.

மசால் தோசையைப் பற்றியும் சன்னா பட்டூராவைப் பற்றியும் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சென்னையில் நல்ல மசால் தோசைக்கு அன்றும் பஞ்சமில்லை, இன்றும் இல்லை. அங்கே கிடைத்து வேறெங்கும் கிடைக்காதது ஒன்றுதான்: ஒரு காபிக்குக் காசு கொடுத்துவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். யாரும் வந்து பக்கத்தில் நிற்க மாட்டார்கள். "வேற என்ன சார்?" என்று கேட்டுக் கேட்டு எழுப்ப மாட்டார்கள். மருந்துக் கம்பெனி ரெப்புகள் கறுப்புப் பையை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு அன்றைய டாக்டர்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள் இருப்பார்கள். பெண் பார்க்கிற பேச்சுகூட நடக்கும், இரண்டு குடும்பமும் ஏதோ தற்செயலாகச் சந்தித்த மாதிரி. எங்கள் சித்திக்கு அப்படித்தான் முடிந்தது.

அப்பாவுடைய நேரம் ஞாயிற்றுக்கிழமை காலை. 1988 வாக்கில் தொடங்கிய பழக்கம். அவரோடு வேலை பார்த்த இருவர், மயிலாப்பூரிலிருந்து வரும் ஒரு வக்கீல், பிறகு பென்சில் சார். இந்தக் கடைசி மனிதர் யாருடைய நண்பரும் இல்லை. பக்கத்து மேசையில் தனியாக உட்கார்ந்து இந்து பேப்பரின் குறுக்கெழுத்தைப் பென்சிலால் போடுவார். ஒருநாள் ஏதோ ஒரு கட்டம் பிடிபடாமல் அவர் முணுமுணுக்க, அப்பா இங்கிருந்தே விடையைச் சொல்லியிருக்கிறார். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அப்புறம் இருபது வருடம் திருப்பவே இல்லை.

இருபது வருடத்தில் அப்பாவுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். ரயில்வேயில் இருந்தவர். சர்க்கரை இல்லாத காபி. மனைவி இல்லை. மழைக்காலம் வந்தால் வலது முழங்கால் நோகும். பேனாவால் குறுக்கெழுத்து போடுகிறவர்களுக்குத் தலைக்கனம் என்பது அவர் கட்சி. பெயரைக் கேட்க முதல் நாள் விட்டுப்போயிற்று. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று கூச்சம். வீடு எங்கே என்று தெரியாது. போன் நம்பர் வாங்கவில்லை. எதற்கு வாங்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்பார்.

நிலம் அரசுடையது. பல ஆண்டுகள் வழக்கு நடந்து, சட்டப்படிதான் திரும்பப் போனது. அதில் எனக்கு வாதமில்லை. பொது நிலம் பொதுவுக்குப் போவதில் யாருக்கு வருத்தம் இருக்க முடியும்? ஆனாலும் ஒரு காபிக் காசில் நாளெல்லாம் உட்காரவிட்ட இடமும் பொதுவிடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை. தாசப்பிரகாஷ் ஓட்டல் போனபோதும் நாங்கள் கட்டடத்தைப் பற்றியும் ஐஸ்கிரீமைப் பற்றியும்தான் பேசினோம். அங்கே வந்துபோனவர்கள் அதற்கப்புறம் எங்கே போனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூடிய பிறகு அப்பாவின் கூட்டம் வேறு ஓட்டல்களை முயன்று பார்த்தது. ஓர் இடத்தில் இரண்டாவது காபி வருவதற்குள் பில் வந்துவிட்டது, சோம்புத் தட்டோடு. இன்னோரிடத்தில் ஏ.சி., காது கேட்காத வக்கீலுக்குப் பாட்டுச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது இடத்தில் ஒரு பையன் மரியாதையாகத்தான் சொன்னான், "சார், ஃபேமிலி வெயிட் பண்றாங்க." அப்பா உடனே எழுந்துவிட்டார். அதோடு சரி. வாரம் மாதமாயிற்று, மாதம் போனாயிற்று. வக்கீல் தவறியதை நாங்கள் பத்தாம் நாள் விளம்பரத்தில் பார்த்தோம்.

பென்சில் சாருக்கு அந்தப் போனும் இல்லை. சொட்டு மருந்து முடிந்த முதல் ஞாயிறே அப்பா கதீட்ரல் சாலைக்குப் போனார். வாசல் பூட்டியிருந்தது. அவரும் இப்படி வந்து நின்று பார்ப்பார் என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை. அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும். எதிர்ச்சாரியில் நடைபாதை ஓரம் ஒரு மணி நேரம் நிற்பார். மே மாத வெயிலில் வேண்டாம் என்று அம்மா சண்டை போட்டதில் நின்றது. "கடைசி நாள் அவர் எனக்காகக் காத்திருந்திருப்பார்" என்று மட்டும் சொல்வார். அந்தக் கண் ஆபரேஷனை ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரியும். நாள் குறித்துக் கொடுத்தவள் நான்.

2010 நவம்பரில் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். கூட்டம் அடங்கட்டும் என்று ஜனவரியில் அப்பாவை அழைத்துப் போனேன். சுமார் 20 ஏக்கர். சுற்றி வருவதற்குள் கால் வலிக்கும். பழைய மரங்களை விட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே நன்றியாக இருந்தது. குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், செடிகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். அப்பா ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று, நாலு பக்கமும் பார்த்து, தூரத்தைக் கண்ணால் அளந்து, "இங்கேதான்" என்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் கை நீட்டிக் காட்டிய இடத்தில் புல் இருந்தது.

உட்காரலாம் என்று பெஞ்சைக் காட்டினேன். உட்காரவில்லை. பெஞ்சு பெஞ்சாக நடந்தார். வயதானவர் யாராவது தனியாக இருந்தால் பத்தடி தள்ளி நின்று முகத்தைப் பார்ப்பார்; பிறகு நடப்பார். மூன்று பேரை அப்படிப் பார்த்தார். ஒருவர் கையில் பேப்பர் இருந்தது. அப்பா கிட்டவே போய்விட்டார். அந்த மனிதர் நிமிர்ந்து, "என்ன சார்?" என்றார். "ஒண்ணுமில்லை, வேற ஒருத்தர்னு நினைச்சேன்" என்று சொல்லி அப்பா திரும்பினார்.

வெளியே போக நான் வந்த வழியே திரும்பினேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அந்தப் பக்கமா சுத்திப் போகலாம்மா. அவர் அந்தப் பக்கம்தான் வருவார்."