கேட்காத பிள்ளைக்கும் தண்ணீர் கிடைக்குமா?

பொங்கல் முடிந்த கையோடு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஃப்ளெக்ஸ் பேனர்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். 'அட்மிஷன் நடைபெறுகிறது' என்ற வரிக்குக் கீழே ஏ.சி. வகுப்பறை, ஸ்மார்ட் போர்டு, அபாகஸ், ஸ்கேட்டிங் என்று பட்டியல் நீளும். மண்ணூரில் நான்கைந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அப்போது தொடங்கும் பேச்சு, பணம் கட்டி ரசீது வாங்கும் வரை ஓயாது.

பிள்ளை கொஞ்சம் துறுதுறுவென்று இருந்தால் முடிவு எடுப்பது சுலபம். எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வான் என்ற தைரியம் பெற்றோருக்கு இருக்கும். ஆனால் சில பிள்ளைகள் வேறு மாதிரி. வீட்டுக்குள் வாய் ஓயாமல் பேசுவார்கள். பக்கத்து வீட்டு ஆள் வந்து நின்றால் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வார்கள். வேறொரு குழந்தையை யாராவது அதட்டினால் இவர்கள் கண் கலங்கிவிடும். 'புள்ள வாயே தொறக்க மாட்டேங்குதே, ஸ்கூல்ல எப்படிச் சமாளிக்கும்?' என்று ஊரிலிருந்து பாட்டி போனில் கேட்கும்போது அம்மாவுக்கும் அதே பயம்தான்.

மண்ணூர்ப் பக்கம் இந்தப் பயத்துக்குக் கூடுதல் காரணம் உண்டு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக எத்தனையோ கம்பெனிகள். வேலைக்காகப் பல மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்து வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பங்கள் இங்கே அதிகம். சொந்த ஊரில் என்றால் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கும் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என்று பத்து தெரிந்த முகங்கள் இருக்கும். இங்கே அப்பா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குவார், அம்மா காலை ஷிப்டுக்குக் கிளம்புவார். பிள்ளைக்குத் தெரிந்த முகங்கள் இரண்டுதான். மூன்றாவது முகம் பள்ளியில்தான் கிடைக்க வேண்டும்.

குறை இல்லை, குணம்

அமைதியாக இருப்பதை ஒரு கோளாறாகப் பார்ப்பதை முதலில் விட வேண்டும். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி, 1956-ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 100-க்குச் சுமார் 15 பேர் எந்தப் புது இடத்திலும் முதலில் பின்வாங்கி, மெதுவாகப் பழகி, பிறகு சகஜமாகும் சுபாவம் கொண்டவர்கள். அந்தக் கணக்கில் 30 பேர் உள்ள வகுப்பில் நான்கைந்து பேர் இப்படி இருப்பது இயல்பு.

அந்த ஆய்வில் வெளிப்பட்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பிள்ளை நன்றாக வளர்வதும் தடுமாறுவதும் குணத்தால் மட்டும் முடிவாவதில்லை. அந்தக் குணத்துக்கும் சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்ப்பதற்கும் உள்ள பொருத்தம்தான் முடிவு செய்கிறது. கல்யாணத்துக்கே பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், 14 வருடம் பிள்ளை போய்வரப்போகும் இடத்துக்கு ஒரு பொருத்தமாவது பார்க்க வேண்டாமா?

கேட்காமலே நடக்கிறதா?

அந்த ஒரு பொருத்தத்தை இப்படிச் சுருக்கிக்கொள்ளலாம். இந்தப் பள்ளியில், வாய் திறந்து கேட்காத பிள்ளைக்கும் வேண்டியது கிடைக்குமா?

அமைதியான பிள்ளை கேட்காது. தாகம் எடுத்தால் சொல்லாது. பாத்ரூம் வந்தால் கையைத் தூக்கி, 'மே ஐ கோ மிஸ்' என்று 40 பேர் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொள்ளும். போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவரும். அது பிறகு சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் என்று வேறு வடிவம் எடுக்கும். பக்கத்துப் பையன் கிள்ளினாலும் வேனில் யாராவது மிரட்டினாலும் வீட்டில் வந்து சொல்லாது. பள்ளியோ, 'உங்க பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு, தொந்தரவே இல்லை' என்று சொல்லும்.

ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்ப்பதைவிட, அங்கே தினமும் என்ன நடக்கிறது என்று கேட்பது பயன் தரும். தண்ணீர் குடிக்கத் தனியாக மணி அடிக்கிறார்களா? குறிப்பிட்ட நேரத்தில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாகப் பாத்ரூமுக்கு அழைத்துப் போகிறார்களா? கூட யார் போவார்கள்? டப்பாவில் சாப்பாடு மீந்தால் யார் கவனிப்பார்கள்? வருடம் முழுவதும் ஒரே வகுப்பாசிரியரா, நடுவில் மாறுவார்களா? இவற்றுக்கெல்லாம் 'பிள்ளை கேட்டால் அனுப்புவோம்' என்ற பதில் வந்தால், கேட்காத பிள்ளையை அங்கே விடுவதற்கு யோசிக்க வேண்டும்.

வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், தொடக்க வகுப்புகளில் சுமார் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவை வைத்திருக்கிறது. 45 பேரைச் சமாளிக்கும் மிஸ் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சத்தம் போடும் ஐந்து பேரைத்தான் அவர் கண் தேடும். மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தப்பிவிடும்.

பெரிய பள்ளியா, பக்கத்துப் பள்ளியா?

பெரும்பாலான வீடுகளில் போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். நெடுஞ்சாலை ஓரம் பெரிய மைதானத்தோடு ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி. இரண்டு தெரு தள்ளி, மாடி வீடு போல ஒரு நர்சரி பிரைமரி பள்ளி. பேனரைப் பார்த்தால் முதலாவது ஜெயிக்கும். ஐந்து வயதுப் பிள்ளையின் இடத்தில் நின்று பார்த்தால் கணக்கு மாறலாம்.

பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் நெரியும் சாலையில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றால் வாரத்துக்கு ஏழரை மணி நேரம். ஒரு முழுப் பள்ளி நாளைவிட அதிகம். ஹாரன் சத்தத்துக்கே மிரளும் பிள்ளை வகுப்புக்குள் நுழையும்போதே களைத்திருக்கும். வேன் என்றால் உள்ளே உதவியாளர் இருக்கிறாரா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்த பிறகு, பள்ளி வாகனங்களுக்கென்றே தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

சின்னப் பள்ளி என்றாலே நல்லது என்றும் சொல்ல முடியாது. ஓட இடமில்லாத கட்டடம், குச்சியை மேஜை மேல் வைத்திருக்கும் மிஸ், எல்.கே.ஜி.யிலேயே இரண்டு மணி நேர ஹோம்வொர்க் என்றால், அருகில் இருப்பது மட்டும் போதாது. பெரிய பள்ளியில் மழலையர் பிரிவு தனியாக, அமைதியாக, வகுப்புக்கு 25 பேரோடு இருந்தால் அதுவே பொருத்தமாகிவிடும். அருகில் அரசுத் தொடக்கப் பள்ளி இருந்தால், இதே கேள்விகளோடு அங்கேயும் ஒரு நடை போய் வருவதில் தவறில்லை.

'மாண்டிசோரி' என்ற பெயர்ப் பலகை பார்த்தால் கூச்சப் பிள்ளைக்கு ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள். நினைப்பதில் நியாயம் உண்டு. மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கு வந்து, அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பிள்ளை தன் போக்கில், தன் வேகத்தில், ஒரு பாயை விரித்துத் தனியாக வேலை செய்வது அவர் முறை. எல்லோரும் சேர்ந்து அமைதியைக் கேட்கும் பயிற்சிகூட அதில் உண்டு. ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அதற்குரிய சாதனங்கள் அலமாரியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா என்று எட்டிப் பாருங்கள். கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருந்தால் அது பெயருக்குத்தான்.

போய்ப் பார்க்கும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை ஓப்பன் ஹவுஸில் எல்லாப் பள்ளியும் அழகு. வேலை நாளில், காலை பிள்ளைகள் உள்ளே வரும் நேரத்திலும் மதியம் வெளியே வரும் நேரத்திலும் கேட் அருகே பத்து நிமிடம் நின்றால் நிறையத் தெரியும். அழும் பிள்ளையை ஆயாம்மா எப்படித் தூக்குகிறார்? மிஸ் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, 'ஏய்' என்கிறாரா? அனுமதி கிடைத்தால் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். ஆசிரியர் குனிந்து, பிள்ளையின் உயரத்துக்கு வந்து பேசி, பதில் வராவிட்டாலும் சிரித்துவிட்டு நகர்ந்தால், அந்தப் பள்ளிக்கு ஒரு மதிப்பெண் கூட்டலாம். 'என்ன பேசவே மாட்டேங்கிறா?' என்று பிள்ளை முன்னாலேயே கேட்டால் ஒன்று கழிக்கலாம்.

மொழி பற்றியும் கேளுங்கள். ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசினால் அபராதம், தண்டனை என்றால், கூச்சப் பிள்ளை ஆங்கிலமும் பேசாது, தமிழும் பேசாது. மொத்தமாக வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம். புது மொழி காதில் பழகும் வரை சில மாதங்கள் பேசாமல் இருப்பது அவர்களுக்கு இயல்பு.

நேர்காணலில் வாய் திறக்கவில்லை என்று சீட் மறுத்தால் சோர்ந்துவிட வேண்டாம். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கான அதே கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அடி, மிரட்டல் என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

சேர்த்த பிறகு

சேர்க்கும் முன் ஒருமுறை காதைப் பரிசோதித்துவிடுவது நல்லது. சரியாகக் கேட்காததால் அமைதியாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. முதல் வாரம், முடிந்தால் அம்மாவோ அப்பாவோ ஷிப்ட் மாற்றிக்கொண்டு, தினமும் ஒரே ஆள் கொண்டுபோய் விட்டு, ஒரே ஆள் கூட்டி வரலாம். வகுப்பாசிரியரிடம், 'இவள் கேட்க மாட்டாள், நீங்கள் பதினொரு மணிக்கு ஒருமுறை நினைவுபடுத்துங்கள்' என்று சொல்லி வைக்கலாம். சாயங்காலம், 'இன்னிக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க?' என்று துருவாமல் தண்ணீர் பாட்டிலையும் டிபன் பாக்ஸையும் திறந்து பாருங்கள். பிள்ளை சொல்லாததை அவை சொல்லிவிடும்.

முதல் மாதம் பேசாவிட்டால் பதற வேண்டியதில்லை. வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளை அந்த மாதம் தாண்டியும் பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'செலக்டிவ் மியூட்டிசம்' என்று மருத்துவத்தில் சொல்லப்படும் பதற்றமாக அது இருக்கலாம். மிரட்டினால் கூடும், சரியான பயிற்சியால் குறையும். தினமும் வயிற்று வலி, வாந்தி, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்புதல் என்றால், காரணத்தைத் தேட வேண்டும். பள்ளி காது கொடுக்கவில்லை என்றால், கட்டிய பணத்தை நினைத்துத் தயங்காமல் வேறு பள்ளி பார்ப்பதில் அவமானம் இல்லை.

பழகிவிட்டால் இந்தப் பிள்ளைகள் எளிதில் விலக மாட்டார்கள். ஆகஸ்டில் ஒருநாள், வேனிலிருந்து இறங்கும்போதே, 'எங்க மிஸ் சொன்னாங்க...' என்று பேச்சு தொடங்கும். பேனரில் இருந்த ஸ்கேட்டிங்கும் அபாகஸும் அதற்குப் பிறகு வந்தால் போதும்.