ஆவணியில் கல்யாணம்... ஆடியில் லேசருக்குப் போகலாமா?

ஆடித்தபசு முடிந்த கையோடு சங்கரன்கோவில் வீடுகளில் ஆவணி முகூர்த்தப் பேச்சு சூடுபிடித்துவிடும். மேலுதட்டு முடியை லேசரில் எடுத்துவிடலாமா என்று மணப்பெண் யோசிப்பதும் அப்போதுதான். ஆனால், லேசருக்கு ஒரு மாதம் போதாது.

முடியிலுள்ள கறுப்பு நிறமி லேசர் ஒளியை உறிஞ்சி சூடாகும். அந்தச் சூட்டில் வேர் சிதையும். வளரும் பருவத்தில் இருக்கும் முடிதான் இதில் சிக்கும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. அதனால்தான் 4 முதல் 6 வார இடைவெளியில், 6 முதல் 8 தடவை போகவேண்டியிருக்கிறது. அப்போதும் முடி குறையும், மெலியும், அவ்வளவுதான். ‘இனி முளைக்கவே முளைக்காது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நரைமுடியில் நிறமியே இல்லை, பாட்டிக்குப் பலனில்லை!

நம் மாநிறத் தோலிலும் அதே நிறமி நிறைய உண்டு. பொருந்தாத கருவி என்றால் தோல் வெந்து கருந்தழும்பு விழலாம். 1064 நானோமீட்டர் ‘என்டி யாக்’ லேசர் கறுத்த தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது. எந்த லேசர் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நான்கு வாரம் முன்பிருந்தே வேக்ஸிங், த்ரெட்டிங் கூடாது. வேரைப் பிடுங்கிவிட்டால் லேசர் எதைச் சுடும்? ஷேவிங் செய்யலாம். ரப்பர் பேண்டால் சுண்டியதுபோல் வலிக்கும். சிவப்பு ஓரிரு நாளில் அடங்கும்.

தாடையில் முடி அடர்ந்து, மாதவிலக்கும் தள்ளிப்போகிறதா? முதலில் பி.சி.ஓ.எஸ். இருக்கிறதா என்று டாக்டரிடம் பாருங்கள். அதைக் கவனிக்காமல் பேக்கேஜுக்குப் பணம் கட்டினால், முடி திரும்ப வரும்.

ஆவணி மணப்பெண்ணுக்கு த்ரெட்டிங்கே போதும். தை மாதக் கல்யாணம் என்றால் இப்போதே தோல் டாக்டரைப் பார்க்கலாம்.