இரண்டாவது ஆள் வேண்டும்

போன வருடம் நெல்லை வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்கான சமூகத் தொழில்முனைவுப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். பதினோரு அணிகள் வந்திருந்தன. அத்தனை பேரும் அறக்கட்டளையோ சமூக நிறுவனமோ தொடங்கப் போகிறவர்கள். ஏழாவதாக மேடையேறிய அணியை இன்னும் மறக்க முடியவில்லை. பாபநாசத்தில் பரிகாரம் முடித்தவர்கள் தாமிரபரணியில் விட்டுப் போகும் துணிகளைச் சேகரித்துத் துவைத்து, பைகளாகத் தைத்து விற்பது அவர்கள் திட்டம். பெயர் வைத்தாயிற்று, சின்னம் வரைந்தாயிற்று, தலைமைச் செயல் அதிகாரி யார், நிதி அதிகாரி யார் என்பதும் முடிவாகியிருந்தது. மாதிரிக்கு ஒரு பையும் கொண்டு வந்திருந்தார்கள். டவுனில் புதுத் துணி வாங்கித் தைத்த பை அது.

"இப்போது அந்தத் துணிகளை ஆற்றிலிருந்து யார் எடுக்கிறார்கள்?" என்று கேட்டேன். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாபநாசத்துக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறார்கள், வீடியோ எடுப்பதற்காக. அந்த அணிக்குத்தான் முதல் பரிசு கிடைத்தது.

பிள்ளைகள் மீது எனக்கு வருத்தமில்லை. நல்ல பிள்ளைகள், ஆற்றின் மேல் உண்மையான பாசம் உள்ளவர்கள். அவர்கள் தலையில் நாம் ஏற்றி வைத்திருக்கும் நம்பிக்கைதான் என் வருத்தம். ஊருக்கு நல்லது செய்ய நினைக்கிற இளைஞன் முதலில் ஒரு அமைப்பைத் தொடங்க வேண்டும், நிறுவனர் என்று பெயர் போட்டுக்கொள்ள வேண்டும், ஏற்கெனவே நடக்கிற வேலையில் போய்ச் சேர்வது இரண்டாந்தரம் என்கிற நம்பிக்கை. பெற்றோர், பேராசிரியர், பரிசு கொடுக்கிற நிறுவனம் என்று எல்லோரும் இதை நம்புகிறார்கள். இது தவறு; இந்த ஆற்றங்கரைக்குக் கேடும்கூட.

இந்த நம்பிக்கை தானாக வளர்ந்து வந்ததில்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொன்னது. 2016 ஜனவரியில் 'ஸ்டார்ட்அப் இந்தியா' வந்தது. 2018 முதல் கல்லூரிகளில் புத்தாக்க மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல நோக்கத்தோடு வந்தவைதான். ஆனால் கல்லூரி மட்டத்தில் இவை எல்லாம் சேர்ந்து ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டன: இந்த ஆண்டு எத்தனை தொடங்கினீர்கள்? போன ஆண்டு தொடங்கியவை என்ன ஆயின என்று கேட்பதற்குப் படிவத்தில் கட்டமே கிடையாது.

இதை நான் பேசும் இடத்திலெல்லாம் ஒரு பெயரைச் சொல்லி என்னை மடக்குவார்கள்: ஆய்க்குடி ராமகிருஷ்ணன். அவரும் மாணவராக இருந்தவர்தானே, அவர் தொடங்கவில்லையா என்பார்கள். நியாயமான கேள்வி. பதிலும் அவர் கதையிலேயே இருக்கிறது.

1975இல் ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவர். கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போன இடத்தில், உடல்திறன் சோதனையின்போது கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. மாதக்கணக்கில் ராணுவ மருத்துவமனையில் கிடந்துவிட்டு ஊர் திரும்பினார். தனக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியது 1981இல். நடுவில் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. ஊனம் என்றால் என்ன, ஒரு கிராமத்தில் படுக்கையை விட்டு எழ முடியாதவனுக்கு என்னென்ன நடக்கும் என்பதை அந்த ஆறு ஆண்டுகளில் தன் உடம்பாலேயே தெரிந்துகொண்டவர் அவர். கூரைக் கொட்டகையில் ஐந்து குழந்தைகளோடு ஒரு பள்ளியாகத்தான் அது ஆரம்பித்தது. அவருக்கு பத்மஸ்ரீ வந்தது 2020இல். சிற்றாற்றுப் படுகையின் அந்த ஊரை விட்டு அவர் நகரவே இல்லை.

கதையில் இதைவிட முக்கியமான இடம் 1992. அந்த ஆண்டு சங்கரராமன் வந்து சேர்கிறார். பட்டயக் கணக்காளர். தசைச் சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். அவர் தன் பெயரில் தனியாக ஒரு அறக்கட்டளை தொடங்கியிருக்கலாம். படிப்பும் காரணமும் இருந்தன. அதைச் செய்யாமல், பதினொரு வருடமாக வேறொருவர் நடத்தி வந்த சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். கணக்கு, நிர்வாகம், நன்கொடையாளரிடம் பதில் சொல்வது என்று எவர் கண்ணிலும் படாத வேலைகளைத் தோளில் போட்டுக்கொண்டார். கொட்டகைப் பள்ளி கிராமம் கிராமமாகப் போய் மாற்றுத்திறன் குழந்தைகளைச் சின்ன வயதிலேயே கண்டறிந்து சிகிச்சை தருகிற நிறுவனமாக வளர்ந்ததில் அந்த இரண்டாவது ஆளுக்குப் பாதிப் பங்கு உண்டு என்று நான் சொல்வேன். நம் கல்லூரி மேடைகளில் ராமகிருஷ்ணனின் படம் வருகிறது. சங்கரராமனின் படம் நான் பார்த்த எந்த மேடையிலும் வரவில்லை. வணிகவியல் படிக்கிற ஒரு பெண்ணிடம், "நீ ஆய்க்குடி சங்கரராமன் மாதிரி வரலாம்" என்று எந்த ஆசிரியராவது சொல்லியிருக்கிறாரா?

இன்னொருவரும் நம் சீமைக்காரர்தான். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து அயன் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பதினொரு படுக்கைகளோடு அவர் தொடங்கியது 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில். அதற்கு முன் முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களை வைத்துக்கொண்டு அரசு மருத்துவமனையிலும் கிராமத்து கண் முகாம்களிலும் ஆயிரக்கணக்கான கண்களை அறுத்துச் சரிசெய்தவர். வேலை முழுக்கக் கைக்கு வந்த பிறகு பிறந்தது அந்த நிறுவனம். 1988இல் அது திருநெல்வேலிக்கும் வந்தது. இருபது வயதுப் பையனிடம் ஐந்து நிமிட உரையில் இதே மாதிரி ஒன்றை எதிர்பார்ப்பது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம்.

தொடங்கியவை எப்படி முடிகின்றன என்பதையும் பேச வேண்டும். மூன்று மாணவர்கள் பெயரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிறது. பான் அட்டை, வங்கிக் கணக்கு, பிறகு வருமான வரித்துறையில் 12ஏ, 80ஜி என்கிற வரிச்சலுகைப் பதிவு. 2021 ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பதிவு ஒருமுறை வாங்கினால் போதும் என்று இருப்பதில்லை, குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். வருடந்தோறும் கணக்கு எழுத வேண்டும், வரித் தாக்கல் செய்ய வேண்டும். படிப்பு முடிந்து ஒருவர் பெங்களூர் போகிறார், ஒருவர் சென்னை, இன்னொருவருக்குக் கல்யாணம். பத்திரம் யாரோ ஒருவர் வீட்டுப் பீரோவில் கிடக்கிறது. அதை நம்பி மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளிடம் யாரும் போய்ச் சொல்வதுகூட இல்லை. பத்தமடையில் பாய் முடைகிற அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "வருசத்துக்கு ஒரு கூட்டம் வாறாவ தம்பி. போட்டோ எடுக்காவ, ஆன்லைன்ல விப்போம்னு சொல்லுதாவ. திரும்பி வந்தவுக யாருமில்ல." கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப் போட்டு, நகத்தாலும் கத்தியாலும் நூல் போலக் கிழித்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒரு பட்டுப்பாயை முடைகிறவருக்கு, திரும்பி வராத மனிதன் எத்தனை பெரிய ஏமாற்றம் என்பதை அந்தக் குரலில் கேட்டேன்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் நிலத்தடி நீர் மேலேறும் என்று 'பிளேபம்ப்' வந்தது. 2006இல் அமெரிக்காவில் அதற்கு 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள். குழந்தைகள் நாள் முழுக்கச் சுற்றுவார்களா? கடைசியில் ஊர்ப் பெண்கள்தான் முதுகு வலிக்க அந்தச் சக்கரத்தைத் தள்ளினார்கள். சில வருடங்களில் திட்டத்தைக் கைவிட்டார்கள். பழைய அடிபம்பையே பழுது பார்த்துக் கொடுத்திருக்கலாம். அதற்குப் பரிசு தருகிறவர் யாருமில்லை.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் செவித்திறன் குறைந்தோர் பள்ளியும் நூறு வருடங்களைத் தாண்டி நிற்கின்றன. தொடங்கிய மிஷனரிப் பெண்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக அந்த வகுப்பறைகளில் நின்றவர்கள்தான் அவற்றை இன்றுவரை கொண்டு வந்தவர்கள்.

இளைஞர்களின் ஆர்வத்தில் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று என்னைச் சொல்வார்கள். ஆர்வம் வேண்டும், நிறைய வேண்டும். அது போய்ச் சேர இடங்கள் இங்கே கொட்டிக் கிடக்கின்றன. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுக்கும் கீழே பிரியும் கால்வாய்களுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கலாம். ஒரு கால்வாய்ச் சங்கத்தில் உட்கார்ந்து மடைவாரியாகத் தண்ணீர்க் கணக்கு எழுத ஒரு பட்டதாரி இரண்டு வருடம் தந்தால், அது பத்து செயலிகளுக்குச் சமம். பாய்க்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஏற்றுமதி ஆவணம் எழுதத் தெரிந்த ஒருவர் போதும். கல்லூரிகள் மதிப்பெண் கொடுப்பதென்றால் இதற்குக் கொடுக்கட்டும்: இரண்டு வருடம் வேறொருவரின் வேலையில் நின்றதற்கு. அதன் பிறகும் புதிதாக ஒன்று தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறவன் தொடங்கட்டும். அவனுக்கு நானே வாசலில் நின்று நிதி கேட்பேன்.

2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நேரில் வந்து பார்க்கும் அளவுக்கு இந்த ஆறு நொந்து கிடக்கிறது. போட்டி முடிந்த அடுத்த வாரம் நானும் பாபநாசம் போனேன். காலை ஏழு மணி. தூய்மைப் பணியாளர்கள் மூன்று பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மூங்கில் கழியில் கட்டிய கொக்கியால் புடவைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த புடவை ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், கை இறங்கிவிட்டது. "எடுக்கது பாடில்ல அண்ணாச்சி," என்றார் மூத்தவர். "பாறைக்குள்ள போய்ச் சுத்திக்கிடும், அத அறுத்து எடுக்கதுதான் பாடு. குளிக்கவுக காலு அதுக்குள்ள மாட்டிக்கிட்டா ஆளையே இழுத்துரும்."

உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். நீளமான கொக்கி நாலு, முழங்கை வரை வருகிற ரப்பர் உறை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அமாவாசைக்கு மேல் படியில நிக்க ஆளு வேணும்," என்றார். "துணியத் தண்ணில போடாதிய, இந்தத் தொட்டியில போடுங்கன்னு சொல்ல ஒரு பத்துப் பேரு. சொன்னா பாதிப் பேரு கேப்பாவ." எப்போது வர வேண்டும் என்றேன். ஆடி அமாவாசைக்கு விடியக் காலை மூணு மணிக்கே கூட்டம் இறங்கிவிடும், அதற்கு முன்னால் வந்து நின்றால் நல்லது என்றார்.