குழந்தைகள் உள்ள வீட்டிற்கு எந்த நாய்?

பாண்டிருப்பிலிருந்து அன்பர் ஒருவர் எமக்குக் கடிதம் வரைந்துள்ளார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்குப் பதினொரு பிராயம், கடைக்குட்டிக்கு நான்கு. கொழும்பிலுள்ள மைத்துனர் அல்சேஷியன் குட்டியொன்றைத் தருவதாக வாக்களித்திருக்கிறாராம். பிள்ளைகளோ, பக்கத்து வளவிலே ஊர்நாய் ஈன்ற குட்டிகளுள் ஒன்றை ஏற்கெனவே தமதாக்கிக்கொண்டு அதற்குப் பெயரும் சூட்டிவிட்டார்கள். சிறுவர் வாழும் இல்லத்திற்கு ஏற்ற நாயினம் எதுவென்று விளக்கும்படி அன்பர் கேட்கிறார். இல்லத்தரசிக்கு இரண்டிலும் சம்மதமில்லை என்பதையும் கடிதத்தின் ஓரத்திலே சிறிய எழுத்திற் குறித்திருக்கிறார். அவ்வம்மையாரின் தயக்கத்தைப் பின்னர் கவனிப்போம். அதுவே இக்கடிதத்தில் முக்கியமான பகுதி என்பது எமது எண்ணம்.

முதலில் அல்சேஷியனை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் மக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்னும் குதிரைப்படை அதிகாரி, ஆட்டு மந்தை காக்கும் நாயொன்றை 1899ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கி, அதன் வழியாக வளர்த்தெடுத்த இனம் இது. முதலாம் உலக மகாயுத்தத்தையொட்டி ஜெர்மனியின் பெயரையே வெறுத்த ஆங்கிலேயர் இதற்கு அல்சேஷியன் என்று மறுபெயர் இட்டனர். 1977இல் பிரித்தானிய நாய்வளர்ப்போர் கழகம் பழைய பெயருக்கு மீண்டும் இடமளித்தபோதிலும், நம்மவர் நாவில் அல்சேஷியனே நிலைத்துவிட்டது. கூர்மையான அறிவும், ஏவலை விரைந்து கற்கும் ஆற்றலும் இதற்கு உண்டு. ஆனால் பகல் முழுவதும் மந்தையைச் சுற்றி ஓடுவதற்கென்று உருவான பிராணி, வேலையின்றிக் கம்பிக் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தால் எரிச்சல் கொள்ளாதிருக்குமா? வளர்ந்த ஆண்நாய் முப்பது முதல் நாற்பது கிலோ வரை நிறை கொண்டது. அது பேரன்போடு பாய்ந்து தழுவினாலும் மல்லாந்து விழுவது நான்கு வயதுக் குழந்தையே. இடுப்பு மூட்டு பொருந்தாது நொண்டும் நோயும் இவ்வினத்திற் பரம்பரையாக வருவது.

இவற்றுக்கெல்லாம் மேலாக வெப்பம் என்றொரு சங்கதி இருக்கிறது. மனிதரைப் போல நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். மற்றைய சூட்டையெல்லாம் நாவை நீட்டி இளைத்தே போக்கவேண்டும். குளிர்தேசத்துக்காக இரட்டை உரோமப் போர்வை பெற்ற நாய், கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களிலே மட்டக்களப்புக் கரையோரத்து மணலில் என்ன பாடுபடும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பொமரேனியனும் குளிர்தேசத்துப் பிறவியே. போல்டிக் கடலோரத்துப் பொமரேனியா நாட்டின் பெயரைத் தாங்கிய இந்நாயை, 1888இல் இத்தாலிக்குச் சென்ற விக்டோரியா மகாராணியார் விரும்பி வாங்கிவந்த பின்னர், சிறிய உருவமே நாகரிகமாயிற்று. அதன் எலும்புகள் மெல்லியவை. குழந்தை கைதவறிக் கீழே போட்டால் கால் முறியும். வலித்தால் கடிக்கவும் செய்யும். டாஷ்ஹண்ட் முதுகெலும்பு நோயால் வருந்துவது. அதனைத் தூக்கி விளையாடும் குழந்தைகள் உள்ள வீட்டிற்கு ஆகாது. டால்மேஷன் குட்டிகளுள் சில பிறவிச் செவிடாயிருக்கும். மூக்குச் சப்பிய பக் முதலிய நாய்களோ மூச்சுவிடவே அவதிப்படுகின்றன. அவற்றை இக்கரைக்குக் கொண்டுவருவது ஜீவகாருணியம் ஆகாது.

லாப்ரடோரைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்லவேண்டும். சிறுவரோடு பொறுமையாய்ப் பழகுவதில் இதற்கு நற்பெயர் உண்டு. அட்லாண்டிக் சமுத்திரத்து நியூபவுண்ட்லாந்துத் தீவிலே, மீனவருக்கு வலைக்கயிறு இழுத்துக் கொடுத்தும், தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்விக் கொணர்ந்தும் வாழ்ந்த நாய்களின் சந்ததி அது. பாண்டிருப்புக் கரையிலே கரைவலை இழுப்போரைக் கண்டால் அதுவும் ஒரு கை கொடுக்கும் போலும்! எனினும், பசியடங்காத இந்நாய் விரைவிற் கொழுத்துவிடும். வெப்பத் துன்பமும் இதற்கு உண்டு. தினந்தோறும் காலையும் மாலையும் நடத்திச் செல்லவும், நிழலும் நீரும் குறைவின்றி அளிக்கவும் இயலுமாயின் ஆட்சேபனை இல்லை.

தமிழகத்து இனங்களை விரும்புவோரும் உளர். இராஜபாளையம் நாய்க்கு இந்திய அரசாங்கம் 2005ஆம் ஆண்டில் அஞ்சல் முத்திரை வெளியிட்டுப் பெருமை செய்தது. அதுவும், சிப்பிப்பாறை, கன்னி முதலியனவும் வேட்டைக்குப் பிறந்தவை; வெப்பத்தைத் தாங்குபவை. ஆனால் ஓடுவதைக் கண்டால் துரத்தும் இயல்புடையவை. அயல்வளவுக் கோழியும் ஆடும் தாராளமாய் உலாவும் ஊரிலே, இவற்றை வளர்ப்பவர் வாரந்தோறும் யாருக்கேனும் நட்டஈடு கொடுக்க நேரிடும்.

இனத்தைக் கொண்டே குணத்தை அளந்துவிடலாம் என்பதும் முழு உண்மையன்று. 2022ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அமெரிக்க விஞ்ஞானிகள் 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் சொந்தக்காரரிடம் வினவியும், 2,000க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுக்களை ஆராய்ந்தும் கண்ட முடிவு இது: ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையிலே காணப்படும் வேற்றுமையில், இனத்தினால் விளைவது 100க்கு 9 பங்கு மாத்திரமே. சொற்கேட்டு நடக்கும் இயல்பு ஓரளவுக்கு இனத்தைப் பொறுத்தது. எளிதிற் சினங்கொள்ளும் இயல்போ இனத்தோடு மிகச் சிறிதளவே தொடர்புடையது. குழந்தைகளின் தாய்தந்தையர் அறிய விரும்புவது இந்த இரண்டாவது இயல்பைத்தானே?

ஆகவே, பிள்ளைகள் தெரிந்தெடுத்த ஊர்நாய்க் குட்டிக்கே எமது வாக்கு. நடுத்தர உருவம், குட்டையான உரோமம், வெப்பத்துக்குப் பழகிய உடல். விலையில்லை. சோறும் கறியில்லாத மீனும் கொடுத்தால் வளரும். முள்ளை மட்டும் நீக்கிவிடுதல் வேண்டும். கரையிலே வீசியெறியப்படும் பேத்தை மீனை அது தின்ன விடலாகாது; அதிலுள்ள நஞ்சு நாயையும் கொல்லும்.

ஊர்நாய்க்குப் பெருமை ஏது என்று கேட்போர், திரௌபதை அம்மன் ஆலயத்தால் பெயர்பெற்ற பாண்டிருப்பிலே அக்கேள்வியைக் கேட்கத் துணியமாட்டார்கள். பஞ்சபாண்டவரின் இறுதி யாத்திரையிலே தம்பியரும் தேவியும் ஒருவர் பின் ஒருவராய் வீழ்ந்த பின்னரும் தருமரைத் தொடர்ந்தது ஒரு நாய். அதனை விட்டுச் சுவர்க்கம் புக அவர் மறுத்தார். அந்த நாய் இன்ன இனத்தது என்று வியாசர் யாண்டும் கூறவில்லை.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாளைப் பாண்டிருப்பு மக்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. அதே நாளில் புதுச்சேரியை அடுத்த சின்னக்காலாப்பட்டு என்னும் மீனவர் குப்பத்தில், தாய் ஒருத்தி இளைய பிள்ளைகள் இருவரையும் தூக்கிக்கொண்டு, ஏழு வயது மூத்தவனை மேட்டை நோக்கி ஓடுமாறு ஏவினாள். அவனோ பழக்கத்தினால் கரையோரத்துக் குடிசைக்குள்ளே புகுந்துகொண்டான். வீட்டு நாய் அவனைப் பின்தொடர்ந்து சென்று, கவ்வியும் முட்டியும் வெளியேற்றி மேட்டுக்குக் கொண்டு சேர்த்ததாக அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. அது சாதாரண மஞ்சள் நிற ஊர்நாய்தான்.

குட்டியைத் தெரிவது எங்ஙனம்? முதலில் தாய்நாயைப் பாருங்கள். அந்நியர் அருகே சென்றால் வெறிகொண்டு பாய்வதா, வாலையாட்டுவதா என்று கவனித்தல் நலம். எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. உடன்பிறந்தவற்றை மிதித்துக்கொண்டு முன்னே பாய்வதும் வேண்டாம். மூலையிலே நடுங்கிக் கிடப்பதும் வேண்டாம். அழைத்தால் வந்து கையை மோந்து, தூக்கினால் சற்றே திமிறி அடங்குவது நல்ல குட்டி. ஸ்கொட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலிலே, மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே நாய் மனிதரோடு உறவுகொள்ளக் கற்கும் காலம் என்று காட்டினர். பக்கத்து வளவுப் பிள்ளைகள் இப்பொழுதே குட்டியோடு விளையாடுவது, அவர்கள் அறியாமலே, பெரிய நன்மை செய்கிறது. கொழும்பிலிருந்து ஐந்து மாதத்தில் வந்திறங்கும் குட்டிக்கு இப்பாக்கியம் கிட்டியிருக்குமோ என்பது ஐயமே.

இனி அம்மையாரின் தயக்கம். அவர் அஞ்சுவது விசர்நாய்க்கடிக்கும் புழுவுக்கும் என்று கடிதம் கூறுகிறது. இரண்டும் வீண் அச்சங்கள் அல்ல.

1973ஆம் ஆண்டில் இலங்கையிலே நீர்வெறுப்பு நோயினால் இறந்தோர் 377 பேர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணி பரவிய பின்னர் அத்தொகை பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் நோய் ஒழிந்தபாடில்லை. உலகெங்கும் இந்நோய்க்கு இரையாவோரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர். சிறுவர் உயரத்திற் குறைந்தவராதலால் கடி முகத்திலும் கழுத்திலும் படுகிறது. கிருமி நரம்பின் வழியே மூளையை அடைவதற்கு அங்கிருந்து தூரம் மிகக் குறைவு. திட்டினால் பயந்து கடித்ததை மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. நாய் கடித்தாலும் கீறினாலும் உடனே சொல்லவேண்டும், சொன்னால் ஏசமாட்டோம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கூறிவையுங்கள். காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிலே, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் மண்ணெண்ணெயும் பூசலாகாது. அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்க. அங்கே சிகிச்சை இலவசம். 1885ஆம் ஆண்டு ஆடி மாதம், விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் ஊசியேற்றி உயிர்காத்த நாள் முதலாய், தக்க காலத்திற் பெற்ற சிகிச்சை எண்ணற்றோரைக் காத்து வருகிறது. நோயின் குறிகள் தோன்றிய பின்னரோ எந்த வைத்தியராலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய இயலாது.

குட்டிக்குரிய தடுப்பூசியை எந்த வாரத்தில் ஏற்றவேண்டும் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, கால்நடை வைத்தியரிடமோ கேட்டறிந்து, ஆண்டுதோறும் தவறாது செய்வித்து, அட்டையைப் பத்திரப்படுத்துக. பெண்குட்டியென்று ஒதுக்கவேண்டாம். கருத்தடைச் சிகிச்சை செய்வித்தால் அது வீட்டை விட்டு அலையாது. ஆண்டுக்கு இருமுறை குட்டிகளைச் சந்தையருகே கொண்டுபோய் விடும் பாவமும் நேராது.

புழுவைப் பற்றி ஒரு செய்தி. நாய்களிலும் மனிதரிலும் வாழும் கொக்கிப்புழு வகையொன்றுக்கு விஞ்ஞானிகள் இலங்கையின் பெயரையே இட்டிருக்கிறார்கள். 1911ஆம் ஆண்டில் லூஸ் என்பவர் இத்தீவிலிருந்து பெற்ற மரநாயின் குடலிலே அதனைக் கண்டு விபரித்தார். நாய் மலங்கழித்த ஈரமணலிலே முட்டை பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுவது கொக்கிப்புழுவின் வழக்கம். மணல் முற்றத்திலே வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகள் உள்ள இல்லத்தில், குட்டிக்குப் பூச்சிமருந்து கொடுப்பதும், மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பதும், சோற்றில் கைவைக்குமுன் பிள்ளைகள் கைகழுவுவதும் கட்டாயம். இப்பணிகளை யார் செய்வது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இறுதியில் எல்லாம் தம் தலையில் விழும் என்பதை அறிந்தே அம்மையார் மறுக்கிறார் என்று நாம் கருதுகிறோம். மலத்தை அள்ளும் பொறுப்பு தந்தையாருக்கும், தண்ணீர் வைப்பது மூத்தவனுக்கும் ஆகுக.

பிள்ளைகளுக்கும் பயிற்சி வேண்டும். சிறுவரைக் கடிப்பவை பெரும்பாலும் அவர்கள் அறிந்த நாய்களே. உண்ணும்போதும் உறங்கும்போதும் குட்டிகளோடு கிடக்கும்போதும் நாயை அணுகக்கூடாது. கழுத்தைக் கட்டிப்பிடித்தல், வாலை இழுத்தல் கூடாது. அறியாத நாய் எதிர்ப்பட்டால் ஓடாமல், கைகளை ஒடுக்கி மரம்போல் நிற்கவேண்டும். நான்கு வயதுக் குழந்தையை நாயோடு தனியே விடுதல், அது எத்துணை சாதுவாயினும், ஒரு நிமிடமும் ஆகாது.

கடைசியாக வேலி. வடக்கே மருதமுனையும் தெற்கே கல்முனையும் கொண்ட ஊர் பாண்டிருப்பு. நெசவும் வியாபாரமும் மீன்பிடியும் இவ்வூர்களை நாள்தோறும் பிணைக்கின்றன. இங்குள்ள இஸ்லாமிய அன்பர்கள் பின்பற்றும் ஷாபிஈ மார்க்க வழியின்படி நாயின் உமிழ்நீர் அசுத்தம். அது பட்ட பாத்திரத்தை ஏழு தடவை, அதிலொரு தடவை மண் கலந்த நீரால், கழுவவேண்டும். நாயை அவர்கள் வெறுக்கிறார்கள் என்று இதற்குப் பொருளன்று. காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருக்க அவர்கள் மார்க்கம் இடந்தருகிறது; குகையிலே உறங்கிய நல்லடியார்களுக்கு வாயிலிற் காவல் கிடந்த நாயைத் திருக்குர்ஆனும் குறிப்பிடுகிறது. ஆயினும் தொழுகைக்குச் செல்பவரின் சாரத்தை உங்கள் நாய் மோந்துவிட்டால், அவர் வீடு திரும்பிச் சுத்தம் செய்யவேண்டிய சிரமம் உங்களால் நேர்ந்ததாகும். ஆகையால் கிடுகு வேலியின் அடியிலுள்ள ஓட்டைகளுக்குக் கம்பிவலை அடித்து, படலைக்குக் கொளுவி பூட்டுங்கள். குட்டிக்கு எட்டு வாரம் நிறைய இன்னும் பதினெட்டு நாள் இருப்பதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவ்வேலைக்கு அது தாராளமாய்ப் போதும்.